குழந்தைப் பாதுகாப்பு, குடும்ப வன்முறைத் தடுப்பு: எந்த வேலை யாருக்குப் பொருந்தும்?

குழந்தைகள் மீதான வன்முறையையும் குடும்ப வன்முறையையும் தடுக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுபவர்களிடம் ‘அதில் என்ன வேலை?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மனதில் ஒரே காட்சிதான் இருக்கும்: அடிபட்ட குழந்தை, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசும் ஒருவர். அப்படி ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இந்தத் துறையில் ஒரு மூலை. ஹெல்ப்லைனில் உட்காரலாம், அரசின் சார்பில் வீட்டுக்குப் போய் விசாரிக்கலாம், வன்முறைக்குத் தப்பி வரும் பெண்களுக்கான காப்பகத்தில் அவர்களோடு நிற்கலாம், சிகிச்சை கொடுக்கலாம், அடிக்கும் ஆண்களோடு உட்கார்ந்து பேசலாம், எதுவும் நடப்பதற்கு முன்பே இளம் தாய்மார்களின் வீட்டுக்குப் போய் வரலாம். சமூகப்பணிப் பட்டம் ஒன்று இருந்தால் இவற்றில் பாதிக்கு மேல் விண்ணப்பிக்க முடியும். ஆனால் ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் ஆறு மாதம் தாங்காமல் போவதும் சகஜம்.

சம்பளம், தகுதி, வேலை நேரம் எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம். அதற்கு முன் ஒரு கேள்வி. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி உங்களிடம் சொல்கிறாள்: “நேத்து ராத்திரி அப்பா அம்மா கழுத்தைப் பிடிச்சு நெரிச்சாரு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? இதற்கான பதில் உங்கள் நல்ல மனதை விட, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது. ஒரு வேலை அந்த ரகசியத்தைக் கொஞ்ச நேரம் காக்கச் சொல்லும். இன்னொன்று உடனே எழுதி மேலே அனுப்பச் சொல்லும். எந்தப் பதிலோடு உங்களால் வருடக்கணக்கில் வாழ முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கட்சி.

ஹெல்ப்லைன்

அந்தச் சிறுமி போனில் சொன்னால் உங்களுக்கு அவள் முகம் தெரியாது, ஊர் தெரியாது, சொன்ன பெயர் உண்மையா என்பதும் தெரியாது. ‘எங்கே இருக்கே?’ என்று அவசரப்பட்டுக் கேட்டால் போனை வைத்துவிடுவாள். முதல் பத்து நிமிடம் அவளை லைனில் வைத்திருப்பதுதான் வேலையே. பல நாடுகளின் ஹெல்ப்லைன்களில், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து தெரியும்வரை பேசியது வெளியே போகாது. கழுத்தை நெரித்தார் என்ற வார்த்தை வந்தவுடன் அந்த எல்லை நெருங்கிவிடுகிறது. அதை அவளுக்குப் புரியும் விதத்தில், அவள் ஓடிப்போகாத விதத்தில் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் குழந்தைகளுக்கான ஹெல்ப்லைனான சைல்ட்லைன் 1986இல் தொடங்கியது. இந்தியாவின் குழந்தைகள் உதவி எண்ணான 1098, 1996இல் மும்பையில் ஒரு களத்திட்டமாகப் பிறந்தது. அப்போதிலிருந்து இன்றுவரை மாறாத விஷயம் ஒன்று உண்டு: வரும் அழைப்புகளில் கணிசமானவை பேசாத அழைப்புகள், கிண்டல் அழைப்புகள். புதிதாகச் சேர்ந்தவர்கள் எரிச்சல்படுவார்கள். அனுபவப்பட்டவர்கள் பொறுமையாக எடுப்பார்கள். சிரித்துவிட்டு வைக்கும் குழந்தைகளில் சிலர் இந்தப் பக்கம் இருப்பவர் திட்டுவாரா என்று சோதித்துப் பார்க்கிறார்கள், திட்டவில்லை என்றால் இன்னொரு நாள் நிஜமாகவே பேசுவார்கள்.

இந்த வேலையின் பெரிய சங்கடம், முடிவு தெரியாது. போனை வைத்தபின் அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் உங்கள் காதுக்கு வராது. கதை பாதியில் நின்றால் தூக்கம் வராது என்பவர் இங்கே வரவேண்டாம். மற்றபடி, துறை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நல்ல வாசல் இல்லை. பல அமைப்புகள் முறையான பயிற்சி கொடுத்துத் தன்னார்வலர்களையும் எடுத்துக்கொள்கின்றன. இரவு ஷிஃப்ட் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசின் விசாரணை அதிகாரி

இங்கே ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தால் அது பொய். ‘உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட, எதுக்குன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்’ என்பதே நேர்மையான பதில்.

இந்த வேலையின் வேர் 1962இல் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பியும் சகாக்களும், பெற்றோரே குழந்தைகளின் எலும்பை உடைக்கிறார்கள், மருத்துவர்கள் அதைப் பார்த்தும் நம்ப மறுக்கிறார்கள் என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரைக்குப் பின் சில ஆண்டுகளிலேயே அமெரிக்க மாநிலங்கள் எல்லாம் கட்டாயப் புகார்ச் சட்டம் கொண்டுவந்தன. இன்று பல நாடுகளில் அப்படி ஒரு கடமை ஏதோ ஒரு வடிவத்தில் உண்டு. இந்தியாவின் போக்சோ சட்டம் (2012) 19ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆகவே நீங்கள் எந்த நாட்டில், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் படிக்க வேண்டியது அந்த ஊர்ப் புகார்ச் சட்டத்தைத்தான்.

வேலை எப்படி இருக்கும்? முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உங்களைப் பிடிக்காது. குழந்தையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கே தூங்குகிறது, சாப்பிட என்ன இருக்கிறது, கேள்வி கேட்டால் யார் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது என்றெல்லாம் கவனிப்பீர்கள். காயத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்வீர்கள். ஓடியாடும் குழந்தைக்கு முழங்காலிலும் கணுக்காலுக்கு மேலும் கன்றிப்போவது இயல்பு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காது, கழுத்து, மார்பு, வயிறு, முதுகு இங்கெல்லாம் கன்றியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். இன்னும் புரளக்கூட ஆரம்பிக்காத, நான்கு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு உடம்பில் எந்த இடத்தில் கன்றியிருந்தாலும் மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். ‘தொட்டில்ல இடிச்சிக்கிட்டான்’ என்று பாட்டி சொன்னாலும்தான்.

பிறகு அந்த வீட்டில் இருந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்று மணி நேரம் எழுத்து வேலை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உங்களைக் கிழிப்பார்.

குழந்தையை வீட்டிலிருந்து எடுத்தால் ‘குடும்பத்தைப் பிரித்தவர்’. எடுக்காமல் விட்டு ஏதாவது நடந்துவிட்டால் பத்திரிகையில் உங்கள் படம். லண்டனில் 2000ஆம் ஆண்டு எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே பராமரிப்பாளர்களின் சித்திரவதையில் இறந்தபோது நடந்த விசாரணை, 2003இல் வெளியான லார்டு லேமிங் அறிக்கை, குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் குறைந்தது பன்னிரண்டு தவறிப்போனதாகச் சொன்னது. அந்த அறிக்கையை இந்த வேலைக்குப் போகும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். களத்தில் நின்ற ஊழியரின் பிழையோடு சேர்த்து, அவர் தலையில் இருந்த கேஸ்களின் பாரமும், மேலே இருந்தவர்கள் சரியாகக் கவனிக்காததும் அதில் விலாவாரியாக இருக்கின்றன.

கற்றுக்கொள்ள இதற்கு இணையான இடம் கிடையாது. சட்டம், மருத்துவம், வறுமை, போதை, மனநோய் எல்லாம் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை இரண்டு வருடத்தில் பார்த்துவிடுவீர்கள். ஆட்கள் சீக்கிரம் விட்டுப்போகும் வேலையும் இதுதான். யாருக்கும் பிடிக்காதவராக இருப்பதைத் தாங்குபவர்கள், முழுத் தகவல் கையில் இல்லாமலே முடிவெடுத்துவிட்டு அதற்குப் பொறுப்பேற்பவர்கள் நிலைக்கிறார்கள். எல்லாருக்கும் நல்லவராக இருக்க நினைப்பவர்கள் உடைந்துபோகிறார்கள்.

காப்பகமும் பெண்களுக்குத் துணை நிற்பதும்

இப்போது அதே வீட்டுக்கு மறுபக்கத்திலிருந்து வருவோம். சிறுமியின் அம்மா உங்களிடம் வருகிறாள். இங்கே உங்களுக்கு அதிகாரம் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் அவள் உங்கள் மேல் வைக்கும் நம்பிக்கை. அவள் முடிவெடுப்பாள், நீங்கள் கூட நிற்பீர்கள்.

லண்டன் சிஸ்விக்கில் 1971இல் திறந்த காப்பகம் இந்த வகைக்கு முன்னோடி. சட்டம் அதற்கு வெகுகாலம் பின்னால்தான் வந்தது. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல், இந்தியாவிலும் இலங்கையிலும் 2005இல். அதனால்தானோ என்னவோ, இந்த வேலையில் இன்றும் ஒரு இயக்கத்தின் வாசனை இருக்கும். ஊழியர்களில் பலர் தாங்களே அந்த வழியாக வந்தவர்கள். படிப்பை விட அனுபவத்துக்கு இங்கே மதிப்பு அதிகம், சம்பளம் பெரும்பாலும் குறைவு.

கழுத்தை நெரித்தார் என்பதைக் கேட்டதும் அனுபவமுள்ள காப்பக ஊழியர் நிமிர்ந்து உட்காருவார். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், துணைவர் முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால் அந்தப் பெண் பிறகு அவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அடித்த காயம் தெரியும், நெரித்ததில் பலமுறை வெளியே ஒரு தடமும் இருக்காது. ‘குரல் மாறிச்சா? முழுங்கும்போது வலிச்சுதா? கண்ணு இருட்டிச்சா? தன்னை அறியாம சிறுநீர் போச்சா?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பதும் இல்லாததும் உயிர் விஷயம். ஆபத்தை அளப்பதற்கு அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய கேள்விப்பட்டியல் போன்ற கருவிகள் உண்டு. அவற்றைப் பழகுவது இந்த வேலையின் முதல் பாடங்களில் ஒன்று.

அடுத்த பாடம்: வீட்டை விட்டு வெளியேறும் நேரமும் அதை அடுத்த வாரங்களுமே மிக ஆபத்தானவை. அதனால் ‘உடனே கிளம்பி வந்துடுங்க’ என்பது எப்போதும் நல்ல ஆலோசனை ஆகாது. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், மருந்து, கொஞ்சம் பணம் எல்லாம் யார் வீட்டில் வைப்பது, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன ஜாடை, குழந்தை எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். கணவர் போனில் அவள் இருக்கும் இடத்தைப் பார்க்கிறாரா என்பதும் இப்போது அந்தத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அவள் திரும்பிப் போவாள். பலர் ஒருமுறைக்கு மேல் போவார்கள். இதைக் கேட்டு ‘அப்புறம் எதுக்கு வந்தாங்க?’ என்று உங்களுக்குத் தோன்றினால், இந்த வேலை உங்களைக் கசப்பானவராக ஆக்கிவிடும். பணம், குழந்தை, பயம், அன்பு, ஊர்ப்பேச்சு என்று காரணங்கள் இருக்கும். மறுபடி வரும்போது கதவு திறந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசாரணை அதிகாரிக்கும் காப்பக ஊழியருக்கும் நடக்கும் பழைய சண்டை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தை வன்முறையைப் பார்த்து வளர்கிறது, அம்மா அதைத் தடுக்கவில்லை, எனவே அம்மாவும் குற்றவாளி என்பது குழந்தைப் பாதுகாப்பு அலுவலகங்களின் பழைய வாதம். நியூயார்க்கில் அடிபட்ட அம்மாக்களிடமிருந்தே குழந்தைகளை எடுத்தார்கள். நிக்கல்சன் வழக்கில் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2004இல், குழந்தை வன்முறையைப் பார்த்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தாய் புறக்கணித்தாள் என்று சொல்ல முடியாது என்றது. தீர்ப்பு வந்தாலும் மனப்போக்கு சுலபமாகப் போவதில்லை. வேலைக்குச் சேரும் இடம் இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வேல்ஸின் கார்டிஃபில் 2003இல் தொடங்கிய முறை ஒன்று இருபக்கத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது: ஆபத்து மிக அதிகமான கேஸ்களை மட்டும் போலீஸ், மருத்துவமனை, வீட்டுவசதி, குழந்தை நலம், காப்பகம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். இப்படி ஏதாவது ஒரு ஏற்பாடு இருக்கும் ஊரில் உங்கள் வேலை பாதி சுலபம்.

சிகிச்சை, நேர்காணல்

எல்லாரும் ஆசைப்படுவது சிகிச்சை அறைக்குத்தான். அமைதியான அறை, பொம்மைகள், வாரம் ஒருமுறை ஒரே குழந்தை. இதற்குப் படிப்பு நீளம். முதுகலை, மேற்பார்வையில் பயிற்சி, சில நாடுகளில் உரிமம். பலன் கண்ணுக்குத் தெரிவது இதன் பெரிய வசதி. அதிர்ச்சிக்குள்ளான குழந்தைகளுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை) பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் மாற்றம் தெரிகிறது.

ஆனால் எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது, அடித்த பெற்றோரையும் குழந்தையையும் சேர்த்து உட்கார வைக்கும் முறை. அப்பா காதில் சின்ன இயர்போன், எதிரில் குழந்தை விளையாடுகிறது, கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையாளர். ‘கேள்வி கேட்காதீங்க. அவன் என்ன செய்யறானோ அதையே சொல்லுங்க. நீலக் கட்டையை மேல வைக்கறே, அப்படின்னு.’ அப்பா தயங்கித் தயங்கிச் சொல்கிறார், பையன் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்க்கிறான். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குழந்தையை அடித்ததாகப் பதிவான பெற்றோரில் இந்தப் பயிற்சி பெற்றவர்கள் மேல் மறுபடி புகார் வந்தது 19 சதவீதம், வழக்கமான பெற்றோர் வகுப்புக்குப் போனவர்கள் மேல் 49 சதவீதம். அடித்தவரை நேருக்கு நேர் பார்த்து, அவர் மாறக்கூடும் என்று நம்பி, அதே சமயம் குழந்தை மேல் ஒரு கண் வைத்திருக்க முடிந்தவர்களுக்கு இது அருமையான வேலை.

படிப்பு முடித்த கையோடு நேராகச் சிகிச்சை அறைக்குள் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். குழந்தை திரும்பிப் போகும் வீடு எப்படி இருக்கும் என்று தெரியாத சிகிச்சையாளர், அறைக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஆலோசனைகளைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

நேர்காணல் என்பது தனி வேலை, பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீதிமன்றத்துக்காகக் குழந்தையிடம் ஒரே ஒருமுறை, பதிவு செய்து, முறைப்படி பேசுபவர். அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் 1985இல் தொடங்கிய குழந்தை மையமும், ரெய்க்யவிக்கில் 1998இல் தொடங்கிய ‘குழந்தைகள் வீடு’ம், குழந்தை ஒரே கதையைப் போலீஸ், மருத்துவர், வழக்கறிஞர் என்று ஆள் ஆளுக்குச் சொல்ல வேண்டிய கொடுமையைக் குறைக்க வந்தவை. இங்கே ‘அப்பாதானே அடிச்சாரு?’ என்று கேட்டால் கேஸ் போச்சு. ‘அப்புறம் என்ன நடந்துச்சு?’ என்பதுதான் அவரது முக்கிய ஆயுதம். பள்ளியில் இருந்தவர்களே குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்ற கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு, தூண்டித் தூண்டிக் கேட்ட கேள்விகளால் வருடக்கணக்கில் இழுத்து, 1990இல் ஒருவர்மீதும் குற்றம் நிரூபணமாகாமல் முடிந்தது. குழந்தை அழுதாலும் சட்டென்று அணைத்து ஆறுதல் சொல்ல முடியாத நாற்காலி இது. நுணுக்கமான, கட்டுப்பாடான ஆட்களுக்கானது.

அடிப்பவரோடு பேசுவது

மின்னசோட்டா மாநிலம் டுலூத்தில் 1981இல் தொடங்கிய திட்டத்தின் வழிவந்த குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. வாரம் ஒருமுறை, பெரும்பாலும் நீதிமன்றம் அனுப்பிய ஆண்கள், வட்டமாக உட்கார்ந்து. ‘அவ சும்மா இருந்திருந்தா நான் கை நீட்டியிருக்க மாட்டேன்’ என்பதை நூறாவது முறை கேட்டுவிட்டு, கோபப்படாமலும் தலையாட்டாமலும் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ஆய்வுகள் சொல்லும் பலன் சின்னது, பாதியில் நிற்பவர்கள் அதிகம். மனைவி தனியாகச் சொன்னதைக் குழுவில் ஜாடையாகக்கூடக் காட்டிவிடக் கூடாது, வீட்டுக்குப் போய் அவளுக்கு விழும். ஆண் ஊழியர்களுக்குத் தேவை அதிகம், வருபவர்கள் குறைவு. சரி, இது முதல் வேலையாக வேண்டாம். காப்பகத்திலோ விசாரணையிலோ சில வருடம் இருந்துவிட்டு வந்தால் ஏமாற மாட்டீர்கள்.

வீட்டுக்குப் போய் வரும் தடுப்புப் பணி

மேலே சொன்ன எல்லாமே நடந்த பிறகு வருபவை. தடுப்பு என்ற பெயருக்கு உண்மையில் பொருந்துவது இது ஒன்றுதான், ஆனால் வேலை தேடுபவர்கள் கடைசியாக நினைப்பதும் இதைத்தான்.

நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். முதல் குழந்தையைச் சுமந்திருந்த, பெரும்பாலும் ஏழைகளான, வயதில் சிறிய பெண்கள் 400 பேர். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கர்ப்பகாலம் தொடங்கிக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர் போய் வந்தார். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படிச் செவிலியர் போன குடும்பங்களில் உறுதியான குழந்தை வன்முறை, புறக்கணிப்புப் புகார்கள் மற்றவர்களை விட 48 சதவீதம் குறைவு. செவிலியர் செய்தது பெரிய மந்திரம் இல்லை. குழந்தை அழுதால் ஏன் அழுகிறது, தூக்கம் கெட்டால் யாரிடம் கொடுத்துவிட்டுப் படுக்கலாம், அடுத்த குழந்தை எப்போது, மறுபடி படிக்கப் போகலாமா என்று மாதாமாதம் பேசியதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கம் 2000இல் வெளிவந்தது. அதே ஆய்வில், வீட்டுக்குள் பெண்மீது வன்முறை அடிக்கடி நடந்த குடும்பங்களில் அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. கணவன் அடிக்கும் வீட்டில் தாய்க்குக் குழந்தை வளர்ப்புப் பாடம் எடுத்துப் பயனில்லை. குழந்தைப் பாதுகாப்பையும் குடும்ப வன்முறையையும் இரண்டு தனித் துறைகளாகப் பார்ப்பவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான். அதேபோல் ‘வீட்டுக்குப் போனாலே போதும்’ என்றும் சொல்ல முடியாது. ஹவாயில் செவிலியர் அல்லாத பணியாளர்களை வைத்து விரிவாக நடத்திய திட்டத்தை மதிப்பிட்டபோது குழந்தை வன்முறையைக் குறைத்ததற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. யார் போகிறார், என்ன பயிற்சி, எத்தனை முறை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே இந்த வேலைக்கு அழைப்பு வந்தால், அந்தத் திட்டம் எந்த முறையைப் பின்பற்றுகிறது, அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று தைரியமாகக் கேளுங்கள்.

ரகசியம் இங்கே வேறு உருவத்தில் வரும். எட்டு மாதம் பழகிய பெண், கண்ணீரோடு, ‘நேத்து குழந்தையைப் போட்டுக் குலுக்கிட்டேன் அக்கா’ என்பாள். அவள் சொன்னதே உங்கள்மேல் உள்ள நம்பிக்கையால். கைக்குழந்தையைக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம், எனவே அன்றே மருத்துவமனை, பல இடங்களில் அன்றே புகாரும். முதல் சந்திப்பிலேயே ‘சில விஷயத்தை நான் மறைக்க முடியாது’ என்று சொல்லி வைத்திருந்தால் அந்த உறவு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சொல்லாமல் விட்டிருந்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

நடக்காமல் போன விஷயத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், உங்களுக்கே அது தெரியாது. பொறுமைசாலிகளுக்கு, பேச்சுத்துணை ஆகத் தெரிந்தவர்களுக்கு, பெரும்பாலும் பகல் நேர வேலையாக, குடும்பத்தோடு சமாளிக்கக்கூடியதாக இது அமையும். செவிலியர் படித்துவிட்டு மருத்துவமனை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் பார்க்காமல் போவது எனக்கு வருத்தம்.

மேசை வேலைகளும் உண்டு: பயிற்சி, கொள்கை, தரவு, நிதி திரட்டல். களத்தில் இருந்தவர்கள் பிற்பாடு போக நல்ல இடம். இரண்டு மொழி சரளமாகத் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை தனியாகக் காத்திருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் அம்மா சொல்வதை அவளுடைய பிள்ளையே போலீசுக்கு மொழிபெயர்க்கும் அவலம் இன்னும் நடக்கிறது. கூடவே கூடாது.

கையெழுத்துப் போடும் முன்

தகுதி என்று பார்த்தால், சமூகப்பணி முதுகலை மிக அதிகமான கதவுகளைத் திறக்கும். உளவியல் படிப்பு சிகிச்சை அறைக்கு, சட்டப் படிப்பு நீதிமன்றத்துக்கு, செவிலியம் வீட்டுக்குப் போய் வரும் பணிக்கு. அரசு வேலை நிரந்தரமும் ஓய்வூதியமும் தரலாம், தொண்டு நிறுவன வேலை பெரும்பாலும் திட்ட நிதி இருக்கும்வரைதான். ஒழுங்கான எந்த இடத்திலும் போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். கேட்காத இடத்தில் சேராதீர்கள், குழந்தைகளைத் தேடி வருபவர்கள் அப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடுவார்கள்.

சிறுவயதில் நீங்களே இதை அனுபவித்தவராக இருந்தால், அது தகுதியும் இல்லை, தடையும் இல்லை. நேர்முகத் தேர்வில் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் உங்கள் கதை போலவே ஒரு கதை ஒருநாள் மேசைக்கு வரும், அன்றைக்கு யாரிடம் போய்ப் பேசுவீர்கள் என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். அனுபவிக்காதவர்களுக்கும் இது உண்டு. அடுத்தவர் அதிர்ச்சி கேட்பவர் உடம்பிலும் தங்குகிறது என்பதை ஆய்வாளர்கள் 1990களிலிருந்து விவரமாக எழுதி வருகிறார்கள்: தூக்கம் கெடும், சொந்தப் பிள்ளையை யாரிடமும் விட மனம் வராது, சில பேருக்கு எதுவுமே உறைக்காமல் மரத்துப்போகும். மரத்துப்போவதைத்தான் பலர் ‘பழகிடுச்சு’ என்கிறார்கள்.

அதனால் நேர்முகத் தேர்வில் நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. ஒருவருக்கு எத்தனை கேஸ்? என் மேற்பார்வையாளர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்னோடு உட்காருவார், கேஸ் கணக்கு பார்க்க மட்டுமா, என்னையும் கேட்பாரா? வீடுகளுக்குத் தனியாகப் போக வேண்டுமா? போன வருடம் எத்தனை பேர் வேலையை விட்டார்கள்? ஒரு குழந்தை இறந்துபோனால் இந்த அலுவலகத்தில் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

நல்ல மேற்பார்வை உள்ள ஹெல்ப்லைனுக்கும், மேற்பார்வை இல்லாத விசாரணை அலுவலகத்துக்கும் இடையே தேர்வு என்றால் ஹெல்ப்லைன். இரண்டிலும் மேற்பார்வை சமம் என்றால், இருபதுகளில் இருப்பவருக்கு விசாரணை அல்லது காப்பகத்தில் இரண்டு மூன்று வருடம், அப்புறம் சிகிச்சையோ நேர்காணலோ ஆண்கள் குழுவோ. வேறு தொழிலிலிருந்து நாற்பதுகளில் மாறி வருபவருக்கும், ஏற்கெனவே செவிலியராகவோ ஆசிரியராகவோ இருப்பவருக்கும் நேராக வீட்டுக்குப் போய் வரும் பணி. எதிலும் உறுதி வராதவர்கள் ஏதாவது ஒரு ஹெல்ப்லைனின் தன்னார்வலர் பயிற்சியில் சேர்ந்துவிடலாம். பணம் போகாது, அந்தச் சிறுமியின் வாக்கியத்தைக் கேட்டால் உங்களுக்கு என்ன ஆகிறது என்று சில மாதத்தில் தெரிந்துவிடும்.